வெறுங்கையோடு ஏறுதல்

திரேஸ்புரத்துச் சங்குகுளிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலில் இறங்கியவன் வெறுங்கையோடு ஏறக்கூடாது. சங்கு கிடைக்காவிட்டால் ஒரு சிப்பி, அதுவும் இல்லாவிட்டால் ஒரு கல்லாவது கையில் இருக்க வேண்டும். வெறுங்கையோடு ஏறுகிறவனைக் கண்டால் வள்ளத்தில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அடுத்து இறங்க வேண்டியவன் வேறு வேலை இருப்பதுபோல் கயிற்றைச் சுருட்டத் தொடங்குவான். கம்ப்ரசரும் காற்றுக்குழாயும் வந்தன, ஜி.பி.எஸ். வந்தது, இந்த வழக்கம் மட்டும் போகவில்லை.

சின்னக்கல் பாரில் இறங்கியபோதும் அவர்கள் அதை விடவில்லை. ஜெஸ்லினும் அதில் குறை ஒன்றும் காணவில்லை.

ஜெஸ்லின் நாசரேத்துக்காரி. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். குளிகாரர்கள் அவளை டீச்சர் என்றே அழைத்தார்கள். பார் என்பது கடலடியில் பரந்து கிடக்கும் பாறைத்தளம். முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது அதில்தான். துறைமுகத்துக்கு வெளியே, பனிமய மாதா கோயில் கோபுரமும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியும் ஒரே நேர்கோட்டில் தெரிகிற இடத்தில் சின்னக்கல் பார் இருக்கிறது. அரசாங்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தி அறுபது வருடங்களுக்கு மேலாகிறது. அதற்குப் பிறகு அங்கே சிப்பி கூட்டமாக உட்காரவே இல்லை. யாரும் எடுக்காமல் விட்டும் ஏன் பெருகவில்லை என்பதுதான் ஜெஸ்லினின் கேள்வி.

அதை அவள் முதன்முதலில் சங்குகுளிப்போர் சங்கத்துக் கூட்டத்தில் சொன்னபோது தலைவர் ராஜதுரை குறுக்கிட்டார். அவரும் ஒரு காலத்தில் குளித்தவர், இப்போது சங்கு வியாபாரி.

"ஒரு சிப்பி எத்தன முட்டை விடும்னு சொன்னிய?"

"லட்சக்கணக்குல, அண்ணாச்சி."

"அப்பம் இந்நேரம் கடலே சிப்பியால்லா இருக்கணும்? எறால் பிடிக்க எடமிருக்காதே."

கூட்டம் சிரித்தது.

"அதத்தான் நானும் கேக்கேன்," என்றாள் ஜெஸ்லின். "எல்லா உசுருக்கும் பெருகத் தெரியும். ஏதோ ஒண்ணு தடுக்குது. தீனியா, நோயா, எதிரியா, எடமா? அது என்னன்னு தெரிஞ்சா நாம வழிவிடலாம். பாரை ரெண்டு வருசம் சும்மா விடுங்க. சங்கு எடுக்க வேண்டாம், நங்கூரம் போட வேண்டாம்."

ஆனால் அந்தப் பாரில் சங்கு நன்றாகக் கிடைக்கும். பெவின்தான் எழுந்தான். முப்பத்தைந்து வயதுக் குளிகாரன், அங்கே அதிகம் இறங்குகிறவனும் அவனே.

"எனக்குத்தான் நட்டம் அதிகம். நானே சரிங்குதேன். ஒங்களுக்கு என்னலே?"

அப்படித்தான் பார் மூடப்பட்டது. ராஜதுரை ஒரு நிபந்தனை வைத்தார். இரண்டாம் வருடம் ஆடியில் மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்குள் அங்கே உயிரோடு சிப்பி உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பார் திறக்கப்படும். ஒருமுறை திறந்துவிட்டால் மறுபடி மூடச் சொல்லி எந்த டீச்சரும் வரக்கூடாது.

பாரில் இரண்டு இடங்களில் பழைய கூரை ஓடுகளையும் கருங்கல்லையும் இறக்கி மேற்குத் திட்டு, கிழக்குத் திட்டு என்று பெயர் வைத்தார்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் இரண்டிலும் கடுகு தெளித்ததுபோல் சிப்பிக் குஞ்சுகள் ஒட்டியிருந்தன. ஜெஸ்லின் உடனே எதிரிகளைப் பற்றிச் சொன்னாள். முள்சங்கு என்று ஒன்று இருக்கிறது. உடம்பெல்லாம் முள், நடை மெதுவு. சிப்பியின்மேல் ஏறி உட்கார்ந்து ஓட்டில் துளை போட்டு உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும்.

"கண்ணுல பட்டா எடுத்துருங்க," என்றாள்.

குளிகாரர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. சங்கும் எடுக்கக்கூடாது, சிப்பியும் தொடக்கூடாது என்ற இடத்தில் கையில் எதை வைத்துக்கொண்டு ஏறுவது என்ற கவலை தீர்ந்தது. திட்டைப் பார்வையிட இறங்கியவன் ஒவ்வொருவனும் ஒரு முள்சங்கோடு ஏறினான். சிலர் இரு கையிலும். பெவினின் மனைவி எமில்டா கறியை அவித்து மிளகு போட்டு வறுத்தாள். ஓடு திருச்செந்தூரில் சங்குமாலை விற்கும் கடைகளுக்குப் போயிற்று. சில மாதங்களில் மேற்குத் திட்டில் தேடினாலும் முள்சங்கு அகப்படவில்லை. ஜெஸ்லின் அதைக் கல்லூரியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

இரண்டாவது மழைக்காலம் முடிந்து தண்ணீர் தெளிந்ததும் அவளும் பெவினும் மேற்குத் திட்டில் இறங்கினார்கள். ஓடும் தெரியவில்லை, கல்லும் தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளம் மூடிக் கிடந்தது. சூரன் என்று இந்தக் கடற்கரை சொல்லும் சின்னஞ்சிறு சிப்பி. முத்தும் கிடையாது, கறியும் கிடையாது. ஒன்றோடொன்று நாரால் பின்னிக்கொண்டு பாய் விரித்ததுபோல் படரும். ஜெஸ்லின் கத்தியால் ஒரு முழம் கிழித்துத் தூக்கினாள். அடியில் பெருவிரல் நகம் அளவுக்கு வளர்ந்த முத்துச்சிப்பிகள் வரிசையாக இருந்தன, எல்லாம் செத்து, வாய் பிளந்து, கறுத்து. பசியில் செத்தவை அல்ல. மூச்சுத் திணறிச் செத்தவை.

சூரனைச் சுரண்டிப் பார்த்தார்கள். மாதம் திரும்புவதற்குள் பழையபடி மூடிக்கொண்டது.

சேதி ராஜதுரையின் காதுக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. மீன் ஏலம் போடும் கொட்டகையில் பெவினைப் பார்த்ததும், "ஏலே பெவினு, பார் எப்பம் தெறக்குது? கொழாயத் தொடச்சு வைக்கவா?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெவின் கொட்டகையை விட்டு வெளியேறினான்.

ஜெஸ்லின் முடிவு செய்துவிட்டாள். "கிழக்குத் திட்டையும் ஒரு தடவை பாத்துருவோம். அங்கயும் இப்படித்தான் இருக்கும். பாத்துட்டு நானே சங்கத்துல சொல்லிருதேன். நீங்க தலைகுனிய வேண்டாம்."

"அங்கன எதுக்கு டீச்சர்," என்றான் பெவின். "நீரோட்டம் இழுக்கும். கலங்கல் வேற."

அவள் கேட்கவில்லை. கப்பல்கள் காத்து நிற்கும் இடத்தை ஒட்டியது கிழக்குத் திட்டு. இறங்கியபோது நீரோட்டம் உண்மையிலேயே இழுத்தது. பாறையைப் பிடித்து நின்று கண்ணாடியைத் துடைத்தாள். ஓடு தெரிந்தது. கல் தெரிந்தது. இரண்டின்மேலும் முத்துச்சிப்பிகள் தோளோடு தோள் உரசி நின்றன, உள்ளங்கை நிறையும் அளவுக்கு, வாயை லேசாகத் திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டு. சூரனும் இருந்தது, ஆனால் அங்கொரு கொத்து, இங்கொரு கொத்து. பாயாக எங்கும் இல்லை. கொத்துகளுக்கு நடுவே, அவள் எடுத்துவிடச் சொன்ன முள்சங்குகள் கூட்டமாக மேய்ந்தன.

பெவினைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சூரன் கொத்து ஒன்றைப் பிடுங்கி இடுப்பு வலைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினாள்.

பெவின் வீட்டுக் குசினியில் எமில்டா தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெஸ்லின் ஈரத் தலையை லேஞ்சித் துண்டால் துடைத்தபடி மேசைமுன் உட்கார்ந்தாள்.

"ரெண்டு திட்டுலயும் ஒரே கல்லு, ஒரே ஓடு. ரெண்டையும் ஒண்ணு போலத்தான் சுத்தம் செஞ்சோம். ஒண்ணு செத்துக் கெடக்கு, ஒண்ணு பூத்துக் கெடக்கு. எனக்குப் புரியல."

எமில்டா திரும்பினாள். "ரெண்டையுமா? கெழக்க எவன் டீச்சர் எறங்குனான்?"

"ஏளா, சும்மா இரு," என்றான் பெவின்.

"நான் ஏன் சும்மா இருக்க? அங்கன எறங்குனா கொழாய் பிஞ்ச வலையில மாட்டும்னு நீரு சொன்னது எனக்கு மறந்துட்டா? வாரம் தவறாம ஒரு கூடை முள்சங்கு கொண்டாந்து போட்டீரே, எல்லாம் மேக்க எடுத்தது. கெழக்க இருந்து ஒண்ணாச்சும் என் சட்டிக்கு வந்திச்சா?"

பெவின் தரையைப் பார்த்தான். "ரெண்டு தடவை எறங்குனோம் டீச்சர். பெறகு பயந்துட்டோம். நீங்க கேட்டப்பம் பாத்தாச்சுன்னு சொல்லிட்டேன்."

ஜெஸ்லினுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் வலைப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். சூரன் ஓடுகள் சிதறின. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் ஊசி குத்தியதுபோல் வட்டமாக ஒரு துளை. அடுத்ததிலும் துளை. அதற்கு அடுத்ததிலும்.

"முள்சங்கு போட்ட துளை," என்றாள் மெதுவாக. "அது முத்துச்சிப்பியத் தின்னும்னு மட்டும்தான் நான் படிச்சேன். சூரன் பக்கத்துல கெடச்சா எதத் தின்னும்னு யோசிக்கல."

"சின்ன ஓடு, சீக்கிரம் தொளைக்கலாம்லா," என்றான் பெவின். "எவனும் லேசான வேலையத்தான் முதல்ல பாப்பான்."

"கடல்ல தண்ணிக்குப் பஞ்சமில்ல, தீனிக்குப் பஞ்சமில்ல. கால் ஊன எடத்துக்குத்தான் பஞ்சம். இருக்குற எடத்த எல்லாம் சூரன் பிடிச்சுருது. அவன ஒதுக்கி ஒதுக்கி எடம் போட்டுக் குடுத்தது முள்சங்கு. அதத்தான் நாம அள்ளிட்டு வந்துட்டோம்."

"நல்லா அள்ளுனிய," என்றாள் எமில்டா. "நானும் நல்லா வறுத்தேன்."

கிழக்குத் திட்டு சங்கத்தின் நிபந்தனைக்குப் போதாது. ராஜதுரை அதைத் தெளிவாகவே சொன்னார். "ஒரு மூலையில நாலு சிப்பி இருக்கதுக்குப் பாரை மூடி வைக்க முடியாது. அது தானா வந்தது, ஒங்களால வந்ததில்ல. மேக்க காட்டுங்க. கொடியேத்தத்துக்கு முந்தின ஞாயித்துக்கெழம நானே எறங்கிப் பாப்பேன். எவன் சொன்னதையும் நம்பமாட்டேன்."

"அதுக்கு ஒங்க ஆளுங்க ஒதவணும் அண்ணாச்சி," என்றாள் ஜெஸ்லின். "வெளியே மத்த பார்கள்ல இருந்து முள்சங்கு கொண்டாந்து மேக்க விடணும்."

ராஜதுரை கண்ணாடியைக் கழற்றினார். "எடுக்கச் சொன்னதும் நீங்க. போடச் சொல்லுததும் நீங்க. அடுத்தால கடல எறச்சு வெளிய ஊத்தச் சொல்லுவியளோ?"

"எடுக்கச் சொன்னது தப்பு. அந்தத் தப்பு என்னோடது."

"அது சிப்பியத் தின்னாதா?"

"கொஞ்சம் தின்னும். தின்னட்டும். காவக்காரனுக்குக் கூலி."

பின்வரிசையில் ஒருவன் கைதட்டினான். ராஜதுரை மறுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. குளிகாரர்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் முதல் நாளே வேலை நின்றது. வலைப்பை நிறைய முள்சங்கோடு இறங்கியவன், அவற்றை மேற்குத் திட்டில் விட்டுவிட்டு வெறுங்கையோடு ஏற வேண்டும். முதலில் பெவின் இறங்கினான். ஏறியபோது வள்ளத்தில் இருந்த மூன்று பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்தவன் கயிறு சுருட்ட ஆரம்பித்தான். "அள்ளிட்டு வாரதுதான் தொழிலு. கொண்டுபோய்க் கொட்டிட்டு வெறுங்கைய வீசிட்டு வாரதுக்கு நம்ம என்ன குப்ப வண்டியா?" என்றான் ஒருவன். மீதி முள்சங்குகளோடு கரைக்குத் திரும்பினார்கள்.

எமில்டா கரையில் மீன்கூடையோடு நின்றிருந்தாள். விஷயம் தெரிந்ததும் கூடையை இறக்கி வைத்தாள்.

"ஏலே, அங்கன சூரன் பாய் பாயாக் கெடக்குல்லா?"

"கெடக்கு மைனி."

"முள்சங்க எறக்கி விட்டுட்டு, ரெண்டு கையிலயும் சூரனப் பிச்சு எடுத்துக்கிட்டு ஏறு. வெறுங்கையா அது? இதுக்கும் டீச்சரக் கேக்கணுமா?"

பெவின் சிரிக்க ஆரம்பித்தான்.

முன்பும் சூரனைச் சுரண்டியிருக்கிறார்கள், அது திரும்பி வந்தது. இப்போது சுரண்டிய இடத்தில் முள்சங்கு காவல் இருந்தது. மீண்டும் முளைக்க வந்த சூரன் குஞ்சுகளை அது விடவில்லை. தை, மாசி, பங்குனி என்று வேலை நடந்தது. சங்குக்குப் போகிற வழியில் ஒவ்வொரு வள்ளமும் சின்னக்கல் பாரில் ஒரு முறை நின்றது. கை நிறைய இறங்கினார்கள், கை நிறைய ஏறினார்கள். வள்ளத்தின் அடியில் சூரன் பாய் நாறியது. "திருச்செந்தூர்ல ஒரு சாயங்காலத்துல சூரன முடிச்சிருதாவ. நமக்கு என்னடான்னா முடியவே மாட்டேங்குதான்," என்று அலுத்துக்கொண்டவனும் மறுநாள் இறங்கினான். சித்திரையில் விசைப்படகுகளின் தடைக்காலம் வந்து கடல் அமைதியானது. அந்த நாட்களில் ஓடுகளின்மேல் மறுபடி கடுகு தெளித்ததுபோல் முத்துச்சிப்பிக் குஞ்சுகள் ஒட்டின.

ஜெஸ்லின் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒருமுறை பெருமை பேசிப் பார்த்தாகிவிட்டது.

ஆனி கழிந்து ஆடி பிறந்தது. கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் வள்ளங்கள் புறப்பட்டன. வழக்கமாக மூன்று நான்கு போகும். அன்று திரேஸ்புரத்தில் மிதக்கக்கூடியதெல்லாம் வந்தது. மாதா கோயில் கோபுரமும் புகைபோக்கியும் ஒரே கோட்டில் வந்ததும் எஞ்சின்களை அணைத்தார்கள். ஆடிக் காற்று அன்று தணிந்திருந்தது. ராஜதுரை சட்டையைக் கழற்றி, செபமாலையை அதற்குள் சுருட்டி வைத்தார். வயிறு பெருத்திருந்தாலும் குழாயைப் பல்லில் கடித்த விதத்தில் பழைய குளிகாரன் தெரிந்தான். பெவினை ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்பக்கமாகச் சரிந்து கடலில் விழுந்தார்.

குமிழிகள் மேற்குத் திட்டின்மேல் வந்தன. ஓரிடத்தில் நின்றன. நகர்ந்தன. மறுபடி நின்றன. பெவின் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்திருந்தான். ஜெஸ்லின் குமிழிகளையே பார்த்தாள். பார் திறந்தால் நாளைக்கே நங்கூரங்கள் விழும். ஓடும் கல்லும் ஒரு வாரம் தாங்காது. பெவின் இந்தக் கரையில் இன்னொரு முறை எழுந்து நின்று பேச முடியாது.

ராஜதுரையின் தலை வெளியே வந்தது. பிறகு கைகள் வந்தன. இரண்டும் வெறும் கைகள்.

பக்கத்து வள்ளத்தில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னொருவன் "யேசுவே" என்றான். பெவின் கண்ணை மூடிக்கொண்டான்.

ராஜதுரை விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி மூச்சு வாங்கினார். குழாயைத் துப்பினார்.

"ஏலே, மூஞ்சியத் திருப்புதவன் எவன்லே? இங்கன பாரு." வெறுங்கை இரண்டையும் தலைக்குமேல் தூக்கினார். பிடி விட்டதில் முங்கி, உப்புத்தண்ணீர் குடித்து, இருமிக்கொண்டே மேலே வந்தார். "எதத்தான் எடுக்க? சூரனப் பிச்சிட்டு வருவோம்னு தேடுதேன், ஒரு கொத்து கெடைக்கல. முள்சங்க எடுத்தா டீச்சர் திட்டுவாவ. சிப்பியத் தொட்டா கொன்னே போடுவாவ. கால் வைக்க எடமில்லலே கீழ. எல்லாம் சிப்பி!"

முதலில் ஒரு வள்ளத்தில் விசில் அடித்தார்கள். பிறகு எல்லா வள்ளங்களிலும். யாரோ ஒருவன் எஞ்சினை முடுக்கி வட்டமடித்தான். பெவின் கண்ணைத் திறக்கவே இல்லை, மூடிய இமைகளுக்கிடையில் தண்ணீர் வடிந்தது. ஜெஸ்லின் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அதற்குள் வயது வித்தியாசமில்லாமல் குளிகாரர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதிக்கத் தொடங்கியிருந்தார்கள். நம்பாமல் அல்ல, தாங்களும் பார்க்க வேண்டும் என்று.

"பார் மூடினது மூடினபடி இருக்கும்," என்றார் ராஜதுரை, வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டே. "எத்தன வருசத்துக்குங்குதத டீச்சர் சொல்லட்டும். ஆனா ஒண்ணு. பக்கத்துப் பாரையும் பாக்கணும். அங்கயும் சூரன்தான் கெடக்கு."

"முள்சங்கு?" என்றாள் ஜெஸ்லின்.

"அதையும் நாங்கதான் வறுத்துத் தின்னுட்டோம்." அவர் சிரித்தார்.

குதித்தவர்கள் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். தண்ணீரைப் பிளந்துகொண்டு முதலில் கைகள்தான் வந்தன, விரல்களை அகல விரித்து, வானத்துக்குக் காட்டியபடி. ஒன்றிலும் ஒன்றும் இல்லை. வள்ளத்தில் இருந்தவர்கள் அந்தக் கைகளைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

கரையில் எமில்டா காத்து நின்றாள். தூரத்திலேயே வள்ளங்களில் நின்றவர்கள் எல்லாரும் கையை விரித்துக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னாள்:

"பாத்தியாளா, ஒருத்தன் கையிலயும் ஒண்ணுமில்ல. இன்னைக்கு நம்ம வீட்டுல கொழம்புக்கு என்ன செய்ய?"

சொல்லிவிட்டு, அவளும் இரண்டு கைகளையும் உயர்த்தி விரித்துக் காட்டினாள்.